காய்ச்சல் விட்ட பிறகும் விடாத படபடப்பு: டெங்குவிலிருந்து தேறும் நாட்களில் பதற்றம் ஏன் வருகிறது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் டெங்குச் செய்திகளும் தொடங்கிவிடும். எத்தனை பேருக்குப் பாதிப்பு, எத்தனை படுக்கைகள் தயார், எந்தத் தெருக்களில் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று தினமும் கணக்கு வரும். வீடு திரும்பியவர்களோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் அவர்களில் பலருக்கு வேறொரு சிரமம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனை தேறிவிட்டது, வழக்கமான சாப்பாடு சாப்பிடலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் இரவு படுத்தால் நெஞ்சு படபடக்கிறது. எழுந்து நின்றால் தலை கிறுகிறுக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. மறுபடியும் காய்ச்சல் வருகிறதோ, இதயத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது.

இதை மனபலவீனம் என்று சொல்லி ஒதுக்குபவர்கள் உண்டு. 'உடம்பில் ஒன்றும் இல்லை, சும்மா நினைத்துக்கொள்கிறாய்' என்பவர்களும் உண்டு. இரண்டுமே நோயாளிக்கு அநியாயம். அவர் உணரும் படபடப்பும் கிறுகிறுப்பும் உடலில் உண்மையாகவே நடப்பவை. அவற்றுக்கு அவர் கொடுக்கும் அர்த்தம்தான் பெரும்பாலும் தவறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் புரியும்.

## முதலில் நான்கு சொற்கள்

பயம் என்பது கண்ணெதிரே இருக்கும் ஆபத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை. பதற்றம் என்பது இனி வரப்போவதாக நாம் நினைக்கும் ஆபத்துக்கான எதிர்வினை. இரண்டிலும் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமெடுக்கும்.

பேனிக் அட்டாக் என்பது சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறும் கடும் பயம். மூச்சுத் திணறல், வியர்வை, நடுக்கம், 'இதோ செத்துவிடுவேன்' என்ற உணர்வு எல்லாம் சேர்ந்து வரும். பிறகு தானாகவே இறங்கிவிடும்.

பதற்றக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்வது வேறு. அது மாதக்கணக்கில் நீடித்து, வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கும் நிலை. டெங்குவிலிருந்து தேறுபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது வெறும் பதற்றம்தான். சிலருக்கு ஓரிரு முறை பேனிக் அட்டாக் வரலாம். அதனால் மட்டும் அவர்கள் மனநோயாளி ஆகிவிட மாட்டார்கள்.

## டெங்குவின் நாட்காட்டி

டெங்குப் பதற்றத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 'காய்ச்சல் விட்டதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அப்போதுதான் ஆபத்து' என்று மருத்துவர்களே சொல்லும் நோய் இது. அந்த எச்சரிக்கை சரியானது, உயிர் காப்பது. ஆனால் அது எத்தனை நாளைக்கு என்பது பலர் மனதில் பதிவதில்லை. காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்து எண்ணினால் நோய் மூன்று கட்டங்களாக நகர்கிறது.

1. காய்ச்சல் கட்டம். 2 முதல் 7 நாட்கள். கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறித்துப்போட்டது போன்ற வலி.

2. அபாயக் கட்டம். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் நடுவே, காய்ச்சல் இறங்கும் சமயத்தில் வரும். சிறு ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசியும். இது அதிகமானால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். இந்தக் கசிவு நீடிப்பது ஏறக்குறைய 24 முதல் 48 மணி நேரம்.

3. தேறும் கட்டம். கசிந்த நீர் அடுத்த 2, 3 நாட்களில் ரத்தத்துக்கே திரும்பிவிடும். பசி எடுக்கும், சிறுநீர் நன்றாகப் பிரியும். சிலருக்குக் கைகால்களில் சிவந்த தடிப்பும் அரிப்பும் வரும். அதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம், ஆனால் உடல் தேறும்போது வருவதுதான் அது.

அபாயக் கட்டத்தில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், அதிக அசதி அல்லது இருப்புக்கொள்ளாத தவிப்பு, கைகால் சில்லிட்டுப்போதல் ஆகியவற்றைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும். அந்த நாட்களில் பயம் நல்ல காவலாளி. சிக்கல் என்னவென்றால், 48 மணி நேரத்துக்காக எழுப்பிவிட்ட காவலாளியை யாரும் திரும்பத் தூங்க அனுப்புவதில்லை. 'அபாயக் கட்டம் தாண்டிவிட்டது, இனி அந்த அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்' என்று வீடு அனுப்பும்போது ஒரு வாக்கியம் சொன்னாலே எத்தனையோ பேருக்கு இரவில் தூக்கம் வரும் என்று நம்புகிறேன்.

## ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது

டெங்கு வந்த வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: 'கவுன்ட் எவ்வளவு?' பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை அது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். டெங்குவில் இது வேகமாக இறங்கும், சிலருக்கு 20,000க்கும் கீழே போகும்.

இந்த எண் மட்டுமே ஆபத்தைச் சொல்லிவிடாது. உயிருக்கு ஆபத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவுதான். அதனால்தான் மருத்துவர்கள் ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீரின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதைச் சிகிச்சை வழிகாட்டுதல்கள் பொதுவாக ஏற்பதில்லை.

தேறும் கட்டத்தில் முதலில் வெள்ளை அணுக்கள் ஏறும், பிளேட்லெட் கொஞ்சம் தாமதமாக ஏறும். ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய பிறகும் மூன்று நாளைக்கு ஒருமுறை லேபுக்குப் போய்ச் சோதித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். போன முறை 2,10,000, இந்த முறை 1,85,000 என்று வந்தால் அன்றைய தூக்கம் போச்சு. இந்த அளவு ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் உண்டு, எண்ணும் முறையாலும் வரும். மருத்துவர் போதும் என்று சொன்ன பிறகு எடுக்கும் ஒவ்வொரு சோதனையும் பதற்றத்துக்குத் தீனிதான்.

## உடலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

நோய் எதிர்ப்பு அணுக்கள் வைரஸோடு போராடும்போது சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. இவை மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. படுத்துக்கிட, சாப்பிடாதே, யாரோடும் பேசாதே என்ற உணர்வு அப்படித்தான் வருகிறது. காய்ச்சல் நாட்களில் நாம் சுருண்டு கிடப்பதும், அழுகை முட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். வைரஸ் போன மறுநாளே இந்தச் செய்தி நின்றுவிடுவதில்லை, மெதுவாகத்தான் அடங்கும். மனம் சோர்ந்தும் எளிதில் பதறும்படியும் இருக்கும் அந்த நாட்களைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது படுக்கை. ஒரு வாரம் படுத்தே இருந்தால் ரத்தத்தில் உள்ள நீரின் அளவு குறையும், கால் தசைகள் தளரும். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. வழக்கமாக ரத்தக்குழாய்கள் சுருங்கி அதைச் சமாளிக்கும். படுத்துப் பழகிய உடலில் இந்த ஏற்பாடு மந்தமாகிவிடுவதால், இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டுகிறது. குளியலறைக்குப் போய்வந்தாலே துடிப்பு நிமிடத்துக்கு 110ஐத் தொடலாம். இதயம் பழுதானதால் இப்படி ஆகிறது என்று நோயாளி பயப்படுகிறார். அந்த இதயம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. டெங்குவிலிருந்து தேறும் நாட்களில் சிலருக்கு நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் குறையும். கைக்கடிகாரம் தூக்கத்தில் 48 என்று காட்டியதைப் பார்த்து நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ இல்லையென்றால் இது பெரும்பாலும் சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும். மறுநாள் மருத்துவரிடம் சொன்னால் போதும்.

மூன்றாவது மூச்சு. பதறும்போது நாம் அறியாமலே வேகமாக, மேலோட்டமாக மூச்சு விடுகிறோம். ஆக்சிஜன் குறைவதில்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு அதிகமாக வெளியேறிவிடுகிறது. அப்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கும். ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் விரல் நுனியும் உதட்டோரமும் மதமதவென்று மரத்துப்போகும். மூச்சுப் போதவில்லை என்று தோன்றும், இன்னும் வேகமாக இழுப்போம், கிறுகிறுப்பு இன்னும் கூடும். விரலில் ஆக்சிமீட்டர் 99 காட்டிக்கொண்டிருக்கும்போதே 'மூச்சு முட்டுது' என்று ஒருவர் தவிப்பது நடிப்பல்ல. அவர் உணர்வும் உண்மை, அந்த 99ம் உண்மை.

## சுற்று எப்படிச் சுழல்கிறது?

பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் முன்வைத்த ஒரு விளக்கம் இங்கே அப்படியே பொருந்துகிறது. உடலில் எழும் சாதாரண உணர்வைப் பேராபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதே பேனிக்கின் வேர் என்றார் அவர். தேறிவரும் ஒருவரிடம் அது இப்படி நகரும்:

1. மாடிப்படி ஏறுகிறார், இதயம் வேகமாக அடிக்கிறது.
2. 'ஏதோ ஆகப்போகிறது' என்ற எண்ணம் வருகிறது.
3. அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பு மேலும் கூடுகிறது, மூச்சு வேகமெடுக்கிறது.
4. கிறுகிறுப்பும் மரமரப்பும் சேர்ந்துகொள்கின்றன. 'நினைத்தது சரிதான்' என்று தோன்றுகிறது.
5. நாடியைப் பிடித்துப் பார்க்கிறார், வெப்பமானியை எடுக்கிறார், இணையத்தில் தேடுகிறார், யாரையாவது எழுப்பிக் கேட்கிறார். 'ஒன்றும் இல்லை' என்று பதில் வந்ததும் நிம்மதி.
6. அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். சோதித்துப் பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகச் சோதிக்கச் சொல்கிறது.

ஐந்தாவது படிதான் சுற்றை ஓட்டும் அச்சு. அபாயக் கட்டத்தில் உயிர்காத்த அதே பழக்கம்தான் தேறும் கட்டத்தில் நோயை மனதுக்குள் நீட்டிக்கிறது. பதற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மல்லுக்கட்டுவதைவிட, சோதனைகளைக் குறைப்பது எளிது, பலனும் அதிகம்.

## எவ்வளவு நாள் நீடிக்கும்?

தொற்றுக்குப் பிந்தைய பதற்றம் பற்றி மிகப் பெரிய அளவில் தரவு கிடைத்தது கொரோனா காலத்தில்தான். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2021இல் 2,36,379 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வில், தொற்று வந்த 6 மாதங்களுக்குள் சுமார் 17 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு பதிவாகியிருந்தது. அவர்களில் முன்பே அந்தப் பிரச்சினை இருந்தவர்களும் அடக்கம். இந்த எண்ணிக்கை அப்போது பலரைக் கலங்கடித்தது. அதே குழு 2022இல் இன்னும் பெரிய தரவோடு 2 ஆண்டுகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. மற்ற சுவாசத் தொற்றுகள் வந்தவர்களோடு ஒப்பிடும்போது கூடியிருந்த பதற்ற ஆபத்து, இரண்டு மாதங்களுக்குள் இயல்புநிலைக்குத் திரும்பியிருந்தது. மறதி, சிந்தனை மந்தம் போன்றவை சிலருக்கு அதற்கு மேலும் நீடித்தன. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது செய்தி பரவவில்லை.

டெங்குவில் அசதி அதிகம் பேசப்படுகிறது. சிங்கப்பூரில் மருத்துவமனையில் சேர்ந்த டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், நோய் தொடங்கி இரண்டு மாதம் ஆன பிறகும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க அசதி இருந்தது. ஆகவே மூன்றாவது வாரத்தில் உடம்பு ஓய்ந்துபோய் இருந்தால் அதைப் புதிய நோயாக எண்ண வேண்டியதில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. காய்ச்சல் போய் இரண்டு, மூன்று மாதங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிரலாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் வருவதால் இது பதற்றத்தை மறுபடியும் கிளறிவிடும். கடும் காய்ச்சலின்போது பல முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குப் போய், பிறகு சேர்ந்தாற்போல் உதிர்கின்றன. சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும்.

## பதற்றம் போலவே தோன்றும் மற்றவை

எல்லாப் படபடப்பையும் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இரண்டு, மூன்று வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் ஒருமுறை மருத்துவரிடம் இவற்றைப் பற்றிக் கேட்டுவிடலாம்:

1. ரத்தசோகை. ஏற்கெனவே ஹீமோகுளோபின் குறைந்த பெண்களுக்கு நோய்க்குப் பிறகு இது கூடுதல் பாரம்.
2. தைராய்டு. சில வைரஸ் தொற்றுகளுக்குப் பிறகு தைராய்டு சுரப்பி வீங்கி, கழுத்துவலி, நடுக்கம், படபடப்பு வரலாம்.
3. இதயத் தசை அழற்சி. அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது. நெஞ்சுவலி, படுத்தால் மூச்சு முட்டுதல், மயங்கி விழுதல் இருந்தால் உடனே போக வேண்டும்.
4. மருந்துகள். ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரும், மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும் படபடப்பைத் தரும்.
5. சர்க்கரை தாழ்தல். நீரிழிவு மாத்திரை எடுப்பவர் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று பதற்றத்தைப் போலவே வரும்.

எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள் துடிப்பு படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடுவதும், அது வாரக்கணக்கில் தொடர்வதும் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். இதைச் சொல்லும்போது படுத்திருக்கையில் எவ்வளவு, நின்றபின் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் எழுதிக் கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

## என்ன செய்யலாம்?

1. சோதனைக்கு நேரம் ஒதுக்குங்கள். காய்ச்சலை மாலையில் ஒருமுறை மட்டும் பாருங்கள். 3 நாட்கள் இயல்பாக இருந்தால் வெப்பமானியை அலமாரியில் வைத்துவிடலாம். கைக்கடிகாரத்தின் நாடித்துடிப்பு அறிவிப்பை நிறுத்திவையுங்கள். சோதிக்க வேண்டும் என்று கை பரபரத்தால் 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். பல முறை அந்தப் பரபரப்பு அதற்குள் தானே தணிந்துவிடும்.

2. வெளிமூச்சை நீளமாக்குங்கள். 4 எண்ணும் நேரம் மூக்கால் இழுத்து, 6 எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தணிகிறது. ஐந்து நிமிடம் போதும். பதற்றம் வந்தபின் முதல்முறையாக முயன்றால் எரிச்சல்தான் வரும், ஆகவே நன்றாக இருக்கும் நேரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். ஆழமாக இழுப்பதில் கவனம் வைக்காதீர்கள், அது கிறுகிறுப்பைக் கூட்டும்.

3. எழுவதை மூன்று படியாக்குங்கள். புரண்டு படுத்து, உட்கார்ந்து ஒரு நிமிடம் காலை ஆட்டி, பிறகு நில்லுங்கள். உப்புப் போட்ட மோர், கஞ்சி, ரசம், பழச்சாறு எல்லாம் நல்லவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீரைக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். இன்னொரு பழக்கம் இருக்கிறது: 'தெம்புக்கு' என்று டிரிப்ஸ் போட்டுக்கொள்வது. தேறும் கட்டத்தில் கசிந்த நீரே ரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் நுரையீரலில் நீர் சேரும் ஆபத்து உண்டு. நன்றாகச் சாப்பிடவும் குடிக்கவும் முடிகிறவருக்கு அது தேவையே இல்லை.

4. முடிந்ததில் பாதியைச் செய்யுங்கள். இன்று 20 நிமிடம் நடக்க முடியும் என்று தோன்றினால் 10 நிமிடத்தில் திரும்பிவிடுங்கள். மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கூட்டலாம். நல்லா இருக்கிறது என்று ஒரே நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தால், இரண்டு நாள் கழித்து அசதி அடித்துப்போடும். அந்த வீழ்ச்சியை நோய் திரும்பியதாக மனம் எண்ணிக்கொள்ளும்.

5. மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். அது தரும் படபடப்பையும் பதற்றத்தின் படபடப்பையும் உடல் பிரித்துப் பார்க்காது.

6. கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். அல்பிரசோலம் போன்றவை உடனே அமைதி தரும், அதனால்தான் பழக்கமாகிவிடுகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது.

'இரண்டாம் முறை டெங்கு வந்தால் உயிருக்கே ஆபத்து' என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. ஒரு வகை வந்தபின் வேறு வகை வந்தால் நோய் தீவிரமாகும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் இரண்டாம் முறை வருபவர்களிலும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். இந்தப் பயத்தைப் பயனுள்ள வேலையாக மாற்ற வழியும் இருக்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையிலிருந்து கொசு வரை நீளும் சங்கிலி அறுந்துபோகும்.

## வீட்டில் இருப்பவர்களுக்கு

'பயப்படாதே' என்று சொல்வதால் யாருக்கும் பயம் போனதில்லை. 'இன்னுமா சரியாகலை?' என்ற கேள்வி காயப்படுத்தும். அதேபோல் மணிக்கொருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் உதவாது, அது நோயாளியின் சந்தேகத்துக்குச் சாட்சி சொல்வதாகிவிடும். 'படபடப்பா இருக்கா? சரி, நான் பக்கத்தில் இருக்கேன், சேர்ந்து மூச்சு விடலாம்' என்று உட்கார்ந்தால் போதும். 'எனக்கு ஒன்றும் ஆகாது இல்ல?' என்று பத்தாவது முறை கேட்கும்போது, மறுபடி உறுதி கொடுக்காமல், 'இதை டாக்டர் சொன்னது உனக்கே ஞாபகம் இருக்கும்' என்று அன்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

நோயோடு பணக் கவலையும் சேர்ந்திருக்கும் வீடுகள் ஏராளம். தினக்கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஓய்வெடுங்கள் என்ற அறிவுரை கசக்கும். வேலைக்குத் திரும்பும் முதல் வாரத்தில் வெயில் வேலையையும் பாரம் தூக்குவதையும் மட்டுமாவது தவிர்க்க மேஸ்திரியிடம் வீட்டார் பேசுவது, அவருக்கு மாத்திரையைவிட உதவும்.

## எப்போது உதவி தேட வேண்டும்?

பதற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் இருந்தால், தூக்கம் தொடர்ந்து கெட்டால், வெளியே போகவே பயந்து வீட்டுக்குள் முடங்கினால், மருத்துவமனையில் இருந்த நினைவுகள் கனவிலும் விழிப்பிலும் வந்து உலுக்கினால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கலாம். உடல் உணர்வுகளைச் சரியாகப் புரிந்துகொள்ளவும், சோதிக்கும் பழக்கத்தைப் படிப்படியாக விடவும் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சைகளுக்கு நல்ல பலன் இருக்கிறது. மருந்து தேவைப்பட்டால், பதற்றத்துக்குத் தரப்படும் முதன்மை மருந்துகள் வேலைசெய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மனஸ் என்ற அரசு மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. பேசுவதற்கு முன் என்ன சொல்வது என்று தயார்செய்ய வேண்டியதில்லை. 'டெங்கு வந்து போச்சு, அதுக்கப்புறம் மனசு பதறிக்கிட்டே இருக்கு' என்று தொடங்கினால் போதும், மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.